ஏறுகிறவன் கையில் காகிதம்

(மாவட்டக் கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் கவிதை வாசிப்பேன் என்று நினைத்து வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மாலையில் நிறைவேற்றப் போகிற தீர்மானங்களின் வரைவைக் காலையில் படித்தேன். அதில் ஒப்பந்த மின் தொழிலாளர் பற்றி ஒரே ஒரு வரி இருக்கிறது: பணியில் இறப்பவர் குடும்பத்துக்கு உரிய இழப்பீடு வழங்க வேண்டும். அந்த வரியோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. அதைப் போடத்தான் நிற்கிறேன்.

எங்க சித்தப்பா 26 வருஷமா லைன் வேலை பார்க்கிறார். ஒப்பந்தக்காரரிடம்தான். நான் வங்கியில் குமாஸ்தா. ஒருநாள் அவருடைய கணக்குப் படிவம் என் மேசைக்கு வந்தது. 'தொழில்' என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதியிருந்தது. எழுதியவர் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. அழுக்குச் சட்டை, கையில் காய்ப்பு, காலனி முகவரி, எழுதிவிட்டார். எங்க ஆட்கள் எந்த வேலை செய்தாலும் அது கூலி வேலை ஆகிவிடும். அதே வேலையை வேறொருவன் செய்தால் தொழில்நுட்பம்.

அந்தக் 'கூலி'க்குத் தெரிந்ததில் கொஞ்சம் சொல்கிறேன். மழை விட்ட ராத்திரி, 22,000 வோல்ட் பீடர் நின்றுபோகும். கிலோமீட்டர் கணக்கில் நீளம், வயலும் ஏரிக்கரையும். பழுது எங்கே? நடுவழியில் ஒரு ஏ.பி. சுவிட்சைத் திறந்துவிட்டு, சப்ளை விடச் சொல்வார்கள். லைன் நின்றால் முதல் பாதி நல்லது, பழுது அந்தாண்டை. அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குவார்கள். கம்ப்யூட்டர் படிக்கிற தம்பிகள் இதையே பைனரி சர்ச் என்று எழுதி மார்க் வாங்குகிறார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எங்க சித்தப்பா டார்ச் லைட்டை வைத்துக்கொண்டு சேற்றில் நடந்து செய்கிறார். டிரான்ஸ்பார்மரின் முனகல் மாறினால் லோடு ஏறிவிட்டது என்பார். அலுமினியக் கம்பி வகைகளுக்கு வெள்ளைக்காரன் மிருகங்களின் பெயரை வைத்திருக்கிறான்: ஸ்குரல், வீசல், ரேபிட், ரக்கூன். கீழே நின்று அண்ணாந்து பார்த்தே எது எதுவென்று சொல்லுவார்.

எர்த் ராடு போடுவதில் ஒரு வரிசை உண்டு. முதலில் மண்ணில் இணைக்கணும், அப்புறம்தான் கம்பியில் மாட்டணும். எடுக்கும்போது முதலில் கம்பியிலிருந்து, அப்புறம்தான் மண்ணிலிருந்து. மாற்றிச் செய்தால், கம்பியில் சப்ளை இருக்கும் பட்சத்தில் அது இறங்கிப்போக உன் உடம்பு மட்டும்தான் மிச்சம்.

நம் கவிதைகளில் மின்கம்பி நிறைய வரும். அதில் கருகித் தொங்கும் உடலும் வரும். தொங்குவதற்கு முன்னால் அந்த உடலுக்குத் தெரிந்திருந்தது எதுவும் வராது. இது நம் இலக்கியத்தின் மீது எனக்குள்ள வருத்தம். இங்கே அதை விரிக்கவில்லை.

ஊருக்குள் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். டிரான்ஸ்பார்மர் ஊர்த்தெருவில் நிற்கும். அங்கிருந்து கம்பி இழுத்து இழுத்துக் கடைசியில் சேரிக்கு வரும். கம்பி நீள நீள வோல்ட்டேஜ் இறங்கும். ஊர்த்தெருவில் மிக்ஸி ஓடும் நேரத்தில் எங்க காலனியில் பல்பு பீடிக்கங்கு மாதிரி எரியும். இதை இயற்பியல் என்று சொல்லலாம். டிரான்ஸ்பார்மரை எங்கே நடுவது என்று முடிவு செய்தது இயற்பியல் இல்லை. அந்த ஊர்த்தெருக் கம்பத்தில் ஏற எங்க சித்தப்பாவுக்குத் தடை ஏதும் கிடையாது. மீட்டர் வீட்டு நடையில் இருந்தால் மட்டும், "நீ எந்தத் தெரு?" என்று ஒரு கேள்வி வரும்.

தேர்த்திருவிழா இன்னும் விசேஷம். தேர் வருவதற்கு முன்னால் குறுக்கே போகிற கம்பிகளைக் கழற்றணும், தேர் தாண்டிய பிறகு கட்டணும். கழற்றாமலோ நிறுத்தாமலோ விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2022 ஏப்ரல் 27 சாட்சி. தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் தேர் உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் செத்தார்கள். தேர்வடம் பிடிக்கும் உரிமைக்காகக் கண்டதேவியில் 1998 முதல் நடந்த போராட்டம் உங்களுக்குத் தெரியும். எங்க பக்கத்து ஊரிலும் சேரிக்காரன் வடத்தைத் தொட முடியாது. ஆனால் அந்தத் தேருக்கு முன்னால் கம்பம் கம்பமாக ஏறி வழிவிடுகிறவன் சேரிக்காரன். சாமி அவன் காலுக்குக் கீழேதான் போகிறது. அப்போது யாருக்கும் தீட்டு ஞாபகம் வருவதில்லை.

இப்போது சாவுக்கு வருகிறேன்.

உயரழுத்த லைனில் ஏறுவதற்கு முன் 'லைன் கிளியர்' வாங்கணும். எல்.சி. என்பார்கள். இந்த லைனில் சப்ளை நிறுத்தப்பட்டது, இன்ன நேரம் முதல், இன்னார் வேலை செய்கிறார், அவர் திருப்பித் தரும்வரை சப்ளை விடக்கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதம். காகிதம் வந்ததும் சுவிட்சின் மூன்று கத்தியும் திறந்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்கணும். டிஸ்சார்ஜ் ராடு போடணும். வேலை செய்கிற இடத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் போடணும். அப்புறம்தான் கை வைக்கணும்.

எங்க பக்கம் நடப்பது வேறு. எல்.சி. நிரந்தர ஊழியர் ஒருவர் பெயரில் இருக்கும். அவர் வேறு கம்பத்தடியில், சில நேரம் வேறு ஊரில் இருப்பார். ஒப்பந்தக்காரரின் மேஸ்திரிக்குப் போன் வரும். "ஆஃப் பண்ணியாச்சு, ஏறுடா." அவ்வளவுதான். ஏறுகிறவன் கண்ணால் காகிதத்தைப் பார்த்ததே இல்லை.

சித்தப்பாவின் கேங்கில் ஒரு பையன், 23 வயசு. அப்படித்தான் ஏறினான். போனில் சொன்னது பொய்யில்லை, சப்ளை நிஜமாகவே நின்றிருந்தது. ஒரு கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டரைப் போட்டார்கள். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லை. அந்தக் கரண்டு திரும்பி டிரான்ஸ்பார்மருக்குப் போனது. வீட்டுப் பக்கத்திலிருந்து 230 வோல்ட் ஏறினால் மறுபக்கம் அது ஆயிரக்கணக்கான வோல்ட்டாக வெளியே வரும். வீட்டுப் பக்கத்துச் சுவிட்சையும் திறந்து, எர்த் ராடு போட்டிருந்தால் பிழைத்திருப்பான். ராடு மூன்று கேங்குக்கு ஒரு செட். அன்றைக்கு அது இன்னொரு லாரியில் இருந்தது. ஒப்பந்தக்காரர் எழுதிக் கொடுத்த காரணம்: தொழிலாளியின் கவனக்குறைவு.

ஒரு கணக்குச் சொல்கிறேன். குடிசைக்குப் போட்ட ஒற்றை விளக்கு, 40 வாட் பல்பு. அதில் ஓடுவது ஏறக்குறைய 170 மில்லி ஆம்பியர். அதில் பாதி நெஞ்சு வழியாக ஓடினாலே இதயம் தாளம் தப்பி நின்றுவிடலாம்.

என் வங்கியில் பணப்பெட்டக அறைக்கு இரண்டு சாவி. ஒன்று மேலாளரிடம், ஒன்று காசாளர் பொறுப்பில். ஒருவர் மட்டும் வந்தால் திறக்காது. "சார், திறந்துடுங்க, நான் போனில் சொல்றேன்" என்று யாராவது சொன்னால் அன்றைக்கே அவர் வேலை போய்விடும். ஒரு கட்டு நோட்டு கைமாறினால் இரண்டு கையெழுத்து. காகிதப் பணத்துக்கு இவ்வளவு காவல் வைக்கத் தெரிந்த சமூகத்துக்கு, உயிரோடு கம்பத்தில் இருக்கிறவனுக்கு ஒரு சீட்டு கொடுக்கத் தெரியாதா? தெரியும். விதிகள் 1956-லேயே வந்துவிட்டன, பிறகு 2010-லும் 2023-லும் புதிதாக எழுதப்பட்டன. படித்துக் கையெழுத்துப் போடுகிறவன் கீழே, ஏறுகிறவன் மேலே என்ற பிரிவினைக்குத்தான் யாரும் விதி எழுதவில்லை. எழுதத் தேவைப்படவில்லை.

நிரந்தர லைன்மேன்களும் சாகிறார்கள், எல்லாச் சாதியிலும். அதை மறைத்துப் பேசினால் நமக்கே கேடு. ஆனால் எங்க பக்கம் ஒப்பந்தக் கேங்குகளில் பெரும்பாலும் நம் ஆட்கள். நாடு முழுக்க ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கு மேல் மின்சாரம் தாக்கிச் சாவதாக அரசின் குற்ற ஆவணப் பதிவேடே சொல்கிறது. அந்தப் பட்டியலில் ஆண், பெண், வயது உண்டு. சாதி கிடையாது.

1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அண்ணல் அம்பேத்கரிடம் இருந்தது. மின்சாரமும் அந்தத் துறையில்தான் வந்தது. மலிவான மின்சாரம் இல்லாமல் இந்த நாட்டு ஏழை மீள முடியாது என்பது அவர் கருத்து. 1948 மின்வழங்கல் சட்டத்துக்கும், அதன் கீழ் வந்த மின்சார வாரியங்களுக்கும் அடிப்படை வேலை அந்த ஆண்டுகளில்தான் தொடங்கியது. நாம் அவர் சிலைக்குச் சீரியல் விளக்கு போடுகிறோம். அந்த விளக்குக்குக் கம்பி இழுத்தவனைப் பற்றி நம் வரைவில் ஒரு வரி, அதுவும் அவன் செத்த பிறகு.

செத்தபின் காசு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பையனின் அம்மாவுக்குத் தெரியும் அதன் அவசியம். ஆனால் அதை முதல் கோரிக்கையாக வைத்தால், எங்கள் உயிருக்கு விலை பேசத் தயார் என்று நாமே வாய்விட்டுச் சொன்ன மாதிரி ஆகும். அதனால் வரைவை இப்படி மாற்றும்படி முன்மொழிகிறேன். ஏறுகிற ஒவ்வொரு தொழிலாளி கையிலும் எல்.சி.யின் நகல், தமிழில். அது கைக்கு வராமல் ஏற மறுத்தால் அன்றைய சம்பளத்தை வெட்டக்கூடாது. ஒவ்வொரு கேங்குக்கும் தனி எர்த் ராடு செட். 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்கச் சொல்லும் 1981-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டத்தை, ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் நாள்கணக்கைப் புதிதாகத் தொடங்கி ஏமாற்றக்கூடாது. வருகைப் பதிவேட்டில் 'கூலி' என்பதை அடித்துவிட்டு மின்பாதைத் தொழிலாளி என்று எழுதணும். இழப்பீடு இதற்குப் பிறகு வரட்டும்.

சம்பளத்தை வெட்டக்கூடாது என்பது சித்தப்பா சேர்க்கச் சொன்னது. "பேப்பர் கேளுன்னு நீ சுலபமா சொல்லிட்டுப் போயிடுவ தம்பி. கேட்டவனை நாளைக்கு வண்டியில ஏத்த மாட்டான்" என்றார். சங்கமாகக் கேட்டால் ஒழிய இது நடக்காது என்று அவருக்குத் தெரிகிறது. அதற்கு நம் இயக்கம் அந்த கேங்குகளுக்குள் போகணும். இதுவரை போகவில்லை.

அவர் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், நீலச் சட்டை. தொழில் பற்றிய கேள்விகளை என்னிடம் கேட்காதீர்கள். சாப்பாட்டு இடைவேளையில் அவரிடம் கேளுங்கள். நாலு மணிக்கு அவருக்கு வண்டி வந்துவிடும்.