வரியின் ஓரத்தில் ஒடியும் சொல்



அச்சுத்தொழிலில் ஊறிய ஒருவரின் பெயரால் அமைந்த இந்தச் சொற்பொழிவுக்கு, அச்சுக்கோப்பவர்களை நெடுங்காலமாகப் படுத்திவரும் ஒரு சிக்கலையே எடுத்துக்கொண்டேன். வரியின் ஓரத்தில் இடம் போதாதபோது ஆங்கிலச் சொல்லை எங்கே ஒடிப்பது?

தமிழில் இந்தத் தொல்லை குறைவு. புள்ளி வைத்த மெய் அடுத்த வரியின் தலையில் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். கோடுகூடப் போட வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் உயிர் தனி, மெய் தனி. இரண்டு உயிர்களுக்கு நடுவே நிற்கும் மெய் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்பதில்தான் வழக்கே.

1783இல் அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் வெளியிட்ட எழுத்துக்கூட்டல் நூல் இந்த வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. அதற்கு முந்தைய பள்ளி நூல்கள் நடுமெய்யைப் பின்னால் வரும் உயிரோடு சேர்த்தன. ‘பிஷப்’ என்ற சொல்லை அப்படிப் பிரித்தால் முதல் பகுதியைக் குழந்தை ‘பை’ என்றே படிக்கும். உச்சரிப்பு எப்படியோ அப்படியே பிரிக்க வேண்டும், ‘பிஷ்’ வரை முதல் அசை என்றார் வெப்ஸ்டர். அமெரிக்க அகராதிகள் அந்த வழியில் சென்றன. பிரிட்டனின் பழைய அச்சு மரபோ சொல்லின் வேரைப் பார்த்தது. மக்களைக் குறிக்கும் ‘டெமோ’, ஆட்சியைக் குறிக்கும் ‘க்ரசி’ என்ற கிரேக்கப் பகுதிகள் சிதையாமல் ‘டெமோ-க்ரசி’ என்று பிரித்தது. அமெரிக்கர் ‘டெமாக்-ரசி’ என்றனர். இரண்டுக்கும் காரணம் உண்டு. ஒரே நூலில் இரண்டையும் கலப்பதற்குத்தான் காரணம் கிடையாது.

ஒலியும் வேரும் போக, படிப்பவரின் கண் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. ‘தெரபிஸ்ட்’ என்ற சொல்லை முதல் மூன்று ஆங்கில எழுத்துகளோடு ஒடித்தால், அடுத்த வரியில் மருத்துவர் பாலியல் குற்றவாளியாகிவிடுவார். ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்து கொண்ட ‘ஸ்ட்ரெங்த்ஸ்’ ஓரசைச் சொல். அதை ஒடிக்கவே கூடாது.

இவ்வளவையும் கணினிக்குக் கற்பித்தவர் ஃபிராங்க்ளின் லியாங். கணினி அறிஞர் டொனால்ட் நூத்தின் மாணவரான அவர், 1983இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தந்த ஆய்வேட்டில், அகராதி ஒன்றைப் பிழிந்து 4447 எழுத்துக்கோலங்களை எடுத்தார். ஒவ்வொரு கோலத்திலும் எழுத்துகளுக்கு இடையே எண்கள் இருக்கும். ஓரிடத்தில் பல கோலங்கள் மோதினால் பெரிய எண் வெல்லும். அது ஒற்றைப்படையானால் ஒடிக்கலாம், இரட்டைப்படையானால் கூடாது. அகராதி அனுமதிக்கும் இடங்களில் 89 விழுக்காட்டை இந்த முறை கண்டுபிடித்தது. தவறான இடத்தில் அநேகமாக ஒடிக்கவே இல்லை.

நூத் உருவாக்கிய டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள் இந்தக் கோலங்களோடு 14 விதிவிலக்குச் சொற்களையும் வைத்துக்கொண்டது. அவற்றுள் ஒன்று ‘பிரசென்ட்’. பரிசு என்ற பொருளில் பெயர்ச்சொல்லாக வந்தால் நான்காம் எழுத்துக்குப் பின்னும், வழங்கு என்ற வினையாக வந்தால் மூன்றாம் எழுத்துக்குப் பின்னும் ஒடிய வேண்டிய சொல் அது. பெயரா வினையா என்று கோலங்களுக்குத் தெரியாது. அதனால் அதை ஒடிக்கவே வேண்டாம் என்று டெக் விட்டுவிட்டது. தெரியாத இடத்தில் கைவைக்காத அந்த அடக்கமே இந்தக் கலையின் சிறந்த விதி என்பேன்.

ஆகவே, ஆங்கில நூல் அச்சிடுவோருக்கும் ஆய்வேடு எழுதும் மாணவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். மென்பொருளில் மொழியை அமெரிக்க ஆங்கிலமா பிரிட்டிஷ் ஆங்கிலமா என்று முதலிலேயே குறித்துவிடுங்கள். மெய்ப்புத் திருத்தும்போது வலது ஓரத்தை மட்டும் தனியாக ஒருமுறை, அகராதியும் கையுமாக, மேலிருந்து கீழே பாருங்கள். ஐயம் வந்தால் ஒடிக்காதீர்கள். சொல்லை முழுதாக அடுத்த வரிக்குத் தள்ளுங்கள்.