மண்ணுக்குள் மறைந்தவை

(நவம்பர் மாத வானொலி மறையுரை)



நவம்பர், இறந்தோரை நினைக்கும் மாதம். கல்லறைத் திருநாளுக்கு முன்பே போய்ப் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, அன்று மாலை பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்திருக்கிறோம். திருப்பலியில் வாசிக்கப் பெயர் எழுதிக் கொடுத்திருக்கிறோம். எல்லாம் முடிந்து வீட்டில் வந்து உட்காரும்போது நம்மில் சிலருக்கு ஒரு கேள்வி எழுகிறது. "என் அம்மா வாழ்நாளெல்லாம் உழைத்தாள். அவளைப் பற்றி யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அவள் பட்ட பாடெல்லாம் எங்கே போயிற்று?" அம்மாவின் இடத்தில் கணவரையோ, அண்ணனையோ, இளம் வயதில் போன பிள்ளையையோ வைத்து நீங்களும் இதைக் கேட்டிருக்கலாம்.

அந்தக் கேள்வியோடு ஒரு குருவானவரின் வாழ்க்கையைப் பார்ப்போம். அவர் பெயரை நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்து அறிவியல் பாடத்தில் படிக்கிறார்கள். மரபியலின் தந்தை என்று ஒரு மதிப்பெண் கேள்விக்கு விடை எழுதுகிறார்கள். அவர் கத்தோலிக்கக் குரு, புனித அகுஸ்தினார் சபைத் துறவி என்பது பலருக்குத் தெரியாது. அவர்தான் கிரிகோர் மெண்டல்.

இன்று செக் குடியரசு என்று நாம் அழைக்கும் நாட்டில், ஒரு சிறு கிராமத்தில், 1822-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் யோகான். அப்பா அந்தோன் சிறு விவசாயி. சொந்த நிலத்தில் பாடுபடுவது போதாதென்று பண்ணையாரின் நிலத்திலும் கட்டாய வேலை செய்ய வேண்டிய காலம் அது. பையன் படிப்பில் கெட்டிக்காரன். வெளியூர்ப் பள்ளிக்கு அனுப்பினார்கள். முழுச் சாப்பாட்டுக்குப் பணம் கட்ட முடியாமல் அரைச் சாப்பாட்டில் படித்தான். 1838-இல் அந்தோன் மீது மரம் விழுந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் பழையபடி உழைக்க முடியவில்லை. சில ஆண்டுகளில் நிலத்தை மூத்த மருமகனிடம் ஒப்படைத்தார்கள். மகன் மற்ற மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் சம்பாதிக்கப் பார்த்தான். உடம்பு ஒத்துழைக்கவில்லை. படிப்பு அந்த இடத்தில் நின்றுவிடும் நிலை.

அப்போது அவனுடைய தங்கை தெரேசியா, தன் திருமணத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்த சீதனத்தில் ஒரு பங்கை அண்ணனின் படிப்புக்காகக் கொடுத்தாள். அன்பர்களே, இது நமக்கு நன்றாகப் புரியும் செயல். நம் வீடுகளில் ஒரு பெண்ணின் சீதனத்தில் கை வைப்பது என்றால் என்ன என்பதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அந்தப் பெண் தானாகவே எடுத்துக் கொடுத்தாள். அண்ணன் படிப்பைத் தொடர்ந்தான். இந்தத் தெரேசியாவை மனத்தில் வைத்திருங்கள்.

1843-ஆம் ஆண்டு யோகான், புருனோ நகரத்தில் இருந்த அகுஸ்தினார் மடத்தில் சேர்ந்து கிரிகோர் என்ற துறவறப் பெயரைப் பெற்றார். 1847-இல் குருவானார். பங்குப் பணியின் ஒரு பகுதியாக மருத்துவமனை நோயாளிகளைச் சந்திக்க வேண்டும். அவர்கள் படும் வேதனையைப் பார்த்து அவரே நோயில் விழுந்தார். மடத்தின் தலைவர் நாப், அவரைக் கடிந்துகொள்ளவில்லை. பள்ளியில் பாடம் நடத்த அனுப்பினார். அங்கே அவர் நல்ல ஆசிரியர் என்று பெயர் எடுத்தார். ஆனால் நிரந்தர ஆசிரியராக வேண்டுமானால் அரசுத் தேர்வில் தேற வேண்டும். 1850-இல் எழுதினார், தோற்றார். தோற்ற பாடங்களில் ஒன்று விலங்கியல். தலைவர் நாப் அவரை வியன்னா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். 1856-இல் மறுபடியும் தேர்வுக்குப் போனார். நடுவில் உடல்நலம் கெட்டு, முடிக்காமலே திரும்பி வந்தார். அதன் பிறகு கடைசிவரை தற்காலிக ஆசிரியர்தான்.

தேர்வில் தோற்ற பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்கும் பெற்றோர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், உங்களிடம் ஒன்று சொல்கிறேன். மரபியலின் தந்தை விலங்கியலில் தோற்றவர். இன்று இரவு உங்கள் பிள்ளையிடம் இதைச் சொல்லுங்கள். அவனுக்குப் பின்னால் ஒரு நாப், ஒரு தெரேசியா நின்றால் போதும்.

தோற்றுத் திரும்பிய அதே 1856-ஆம் ஆண்டில் அவர் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வைத்து ஓர் ஆய்வைத் தொடங்கினார். அந்தத் தோட்டம் ஏறத்தாழ 35 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம். நம் பங்குகள் பலவற்றில் மாதா கெபியைச் சுற்றியுள்ள இடம் அதைவிடப் பெரிதாக இருக்கும்.

பட்டாணிப் பூ மூடியே இருக்கும். தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக் காய்க்கும். மெண்டல் ஒவ்வொரு மொட்டாகப் பிரித்து, மகரந்தம் முற்றுவதற்கு முன்பே மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்தார். வேறொரு செடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்து தடவினார். வண்டு எதுவும் கெடுத்துவிடாதபடி சிறு பை கட்டி மூடினார். நெட்டைச் செடியையும் குட்டைச் செடியையும் இப்படிச் சேர்த்தார். கிடைத்த விதைகளை விதைத்தால், முளைத்தவை எல்லாமே நெட்டை. ஒரு குட்டைகூட இல்லை.

குட்டை எங்கே போயிற்று? பாலில் தண்ணீர் கலப்பதுபோலப் பெற்றோரின் குணங்கள் பிள்ளையில் கலந்து கரைந்துபோகும் என்பதுதான் அன்று பலரின் எண்ணம். மெண்டல் அத்தோடு விடவில்லை. அந்த நெட்டைச் செடிகளைத் தாமாகவே காய்க்கவிட்டு, அடுத்த தலைமுறையையும் விதைத்தார். 1,064 செடிகள் வளர்ந்தன. உட்கார்ந்து எண்ணினார். 787 நெட்டை. 277 குட்டை.

போனதாக நினைத்த குட்டை திரும்பி வந்துவிட்டது. அரைகுறையாக வரவில்லை, பழைய குட்டை எப்படியோ அப்படியே வந்தது. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. விதையின் நிறம், விதையின் வடிவம், பூவின் நிறம் என்று ஏழு பண்புகளில் சோதித்தார். ஏறத்தாழ 28,000 செடிகள், எட்டு ஆண்டுகள். ஒவ்வொன்றிலும் அதே கணக்கு. கண்ணுக்குத் தெரியாமல் போன பண்பு, செடிக்குள்ளேயே சேதமில்லாமல் இருந்திருக்கிறது. இப்படி ஒரு தலைமுறை மறைந்திருந்து அடுத்ததில் வெளிப்படுவதைத்தான் பாடப் புத்தகத்தில் ஒடுங்கு பண்பு என்கிறோம்.

1865-ஆம் ஆண்டு பிப்ரவரியிலும் மார்ச்சிலும் புருனோ நகர இயற்கை ஆய்வுக் கழகத்தில் இதைப் பற்றி இரண்டு முறை பேசினார். 1866-இல் கட்டுரை அச்சாயிற்று. தனிப் பிரதிகள் நாற்பது வாங்கி அறிஞர்களுக்கு அனுப்பினார். மூனிக் நகரத்துப் பேராசிரியர் நேகெலி மட்டும் அவரோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார். அவருக்கும் இந்தக் கண்டுபிடிப்பின் அருமை விளங்கவில்லை. 1868-இல் மெண்டல் மடத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நிர்வாகம் அவரை விழுங்கியது. மடங்களுக்கு அரசு விதித்த புதிய வரியை எதிர்த்துக் கடைசிவரை போராடினார். 1884-ஆம் ஆண்டு ஜனவரி 6, திருக்காட்சிப் பெருவிழா அன்று, 61 வயதில் கண்மூடினார். அவரைத் துறவியாக, மடத் தலைவராக, ஏழைகளுக்கு உதவியவராக அறிந்தவர்கள் அடக்கம் செய்தார்கள். அவருக்குப் பின் மடத்தில் அவருடைய குறிப்புத் தாள்கள் பல எரிக்கப்பட்டன.

ஒரு மனிதனின் உழைப்பு மறைந்தது என்று சொல்ல இதைவிட என்ன வேண்டும்? படித்தவர்களுக்குப் புரியவில்லை, எழுதியவர் இறந்துவிட்டார், குறிப்புகள் சாம்பலாகிவிட்டன.

1900-ஆம் ஆண்டு வந்தது. ஹாலந்தில் தெ விரீஸ், ஜெர்மனியில் கோரன்ஸ், ஆஸ்திரியாவில் செர்மாக் ஆகிய மூவரும் தனித்தனியாகச் செடிகளை ஆராய்ந்து தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். 34 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு துறவி இதையெல்லாம் எழுதிவிட்டுப் போயிருப்பது அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அவர்களில் கோரன்ஸ், அந்தப் பேராசிரியர் நேகெலியிடம் படித்தவர். ஆசிரியருக்குப் புரியாதது மாணவர் காலத்தில் முளைத்தது.

இதில் நம் சோற்றுத் தட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. பழைய நெட்டை நெல்லுக்கு உரம் அதிகம் போட்டால், கதிர் கனத்துச் சாய்ந்துவிடும் என்பது வயதான விவசாயிகளுக்குத் தெரியும். பிலிப்பைன்ஸ் நாட்டில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில், இந்தோனேசிய நெட்டை ரகம் ஒன்றையும் தைவான் நாட்டுக் குட்டை ரகம் ஒன்றையும் சேர்த்தார்கள். முதல் தலைமுறை முழுவதும் நெட்டை. இரண்டாம் தலைமுறையில் நான்கில் ஒரு பங்கு குட்டை. மடத்துத் தோட்டத்தில் மெண்டல் எண்ணிய அதே கணக்கு. அந்தக் குட்டைகளிலிருந்து பிறந்ததுதான் ஐ.ஆர்.8. நம் வயல்களுக்கும் வந்து பஞ்ச காலத்தில் பலரின் பசியைத் தீர்த்த நெல். அது வெளியிடப்பட்ட ஆண்டு 1966. மெண்டலின் கட்டுரை அச்சாகிச் சரியாக நூறு ஆண்டுகள்.

இப்போது தெரேசியாவிடம் திரும்பி வருவோம். அந்தச் சீதனப் பங்கு இல்லையென்றால் அண்ணன் படித்திருக்க மாட்டார். மடத்தில் சேர்ந்திருப்பாரா, அந்தத் தோட்டம் அவர் கைக்கு வந்திருக்குமா? தெரேசியா எந்த ஆய்வும் செய்யவில்லை. பாடப் புத்தகத்தில் அவள் பெயர் இல்லை. அண்ணன் மறக்கவில்லை. பிற்காலத்தில் அவளுடைய மூன்று மகன்களின் படிப்புக்கு உதவினார். அவர்களில் இருவர் மருத்துவர்கள் ஆனார்கள். நோயாளியின் வேதனையைப் பார்க்கத் தாங்காமல் விழுந்தவரின் கையால், நோயாளிகளைப் பார்க்க இரண்டு பேர் உருவானார்கள்.

அன்பர்களே, பட்டாணிச் செடி உயிர்ப்பை நிரூபிக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. உயிர்ப்பில் நமக்குள்ள நம்பிக்கை ஆண்டவரின் வெறுமையான கல்லறையிலிருந்து வருகிறது. ஆனாலும் தம் சாவைப் பற்றிச் சீடர்களிடம் பேச நேர்ந்தபோது ஆண்டவர் எடுத்துக்கொண்டது, மண்ணில் விழுந்து மடிந்து பலன் தரும் கோதுமை மணியைத்தான். விதையைப் படைத்தவருக்கு அதன் கணக்கு தெரியும். கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் ஒன்று அழிந்துவிட்டதாக ஆகாது. உங்கள் தாயின் பொறுமை, உங்கள் தந்தையின் நேர்மை உங்களில் தெரியாமல் இருக்கலாம். உங்கள் பேரப்பிள்ளையில் தெரியலாம். அதைப் பார்க்க நீங்கள் இல்லாமலும் போகலாம். கடவுளின் கையில் அது இருக்கிறது.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். நம் ஒவ்வொரு பங்கிலும் தெரேசியாக்கள் உயிரோடு இருக்கிறார்கள். தம்பி, தங்கையைப் படிக்க வைப்பதற்காகத் தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்ட அக்கா. கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துக் கல்லூரிக் கட்டணம் கட்டிய அத்தை. அவர்கள் இன்று தனி அறையில், ஒரு ரேடியோவோடு உட்கார்ந்திருக்கலாம். அவர்களால் படித்தவர்கள் வெளியூரில், வெளிநாட்டில் இருக்கலாம். கல்லறைக்கு மாலை கொண்டுபோவது நல்லது. அந்த மாலைக்கு முன்னால், உயிரோடு இருக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லுங்கள். "அக்கா, உங்களால்தான் நான் படித்தேன்." இந்த மாதம் முடிவதற்குள் நேரில் போய்ச் சொல்லுங்கள். முடியாவிட்டால் போனிலாவது சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சொல்லுங்கள். அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

செபிப்போம். விதைகளின் ஆண்டவரே, எங்களுக்கு முன் சென்ற எங்கள் அன்பர்களுக்கு நித்திய இளைப்பாற்றியைத் தந்தருளும். அவர்கள் மறைவில் செய்த நன்மைகளை நீர் அறிவீர். அவை எங்களிலும் எங்கள் பிள்ளைகளிலும் பலன் தர அருள்புரியும். எங்களுக்காகத் தங்களை இழந்து இன்னும் எங்களோடு வாழ்பவர்களை மறவாத மனத்தை எங்களுக்குத் தாரும். எங்கள் ஆண்டவர் இயேசு கிறிஸ்து வழியாக, ஆமென்.