ஒன் ஆஃப் தி பாய்ஸ்: இஸ்ஸா, ஆரா?

திருவொற்றியூர்ல என் தம்பி எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வுக்குப் படிக்கிறான். முதல் கட்டத்துல 100 கேள்வி. அதுல 25 இங்கிலீஷ். ஒவ்வொரு தப்புக்கும் அரை மார்க் போயிடும். போன வாரம் மாக் டெஸ்ட்ல ‘ஒன் ஆஃப் தி பாய்ஸ் ஆர்’னு போட்டுட்டு, “எனக்கு இங்கிலீஷே வராதுண்ணா”ன்னு புத்தகத்தை மூடிட்டான்.

நான் சொன்னேன்: “தமிழ்ல ‘பசங்கள்ல ஒருத்தன் வந்தான்’. வினைக்குப் பக்கத்துல ‘ஒருத்தன்’ நிக்கிறான். இங்கிலீஷ்ல அந்த இடத்துல ‘பாய்ஸ்’ நிக்குது, அதான் ஏமாத்துது. ஆனா எழுவாய் ‘ஒன்’ தான், அதனால ‘இஸ்’. நடுவுல இருக்கிற ‘ஆஃப் தி பாய்ஸ்’ மேல பென்சில்ல ஒரு கோடு போட்டுட்டுப் படி.”

மறுநாள் அதே மாதிரி பத்து வாக்கியம் கொடுத்தேன். எட்டு சரி. மூடின புத்தகம் திரும்பத் திறந்துச்சு.

தனியா படிக்கிறவங்களுக்கு ஒரு தகவல்: பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரி வளாகத்துல தமிழக அரசின் இலவசப் பயிற்சி மையம் இருக்கு. அறிவிப்பு வரும்போது விண்ணப்பிச்சிடுங்க.