தாய்மைக்கு இணை தந்தைமைதான்



அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மார்மன் சபையின் ஞாயிறு வழிபாட்டுக்குப் போகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது பையன்கள்தான். வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை, வயது 12 அல்லது 13. அப்பத் தட்டை ஏந்திக்கொண்டு இருக்கை வரிசைகளுக்கு நடுவே வருகிறார்கள். வரிசையின் ஓரத்தில் இருக்கும் அம்மா தட்டை வாங்கி, ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்கிறாள். உட்கார்ந்த இடத்தில் அவள் தட்டைக் கைமாற்றலாம். எழுந்து அதே தட்டை அடுத்த வரிசைக்குக் கொண்டுபோக அவளுக்கு அதிகாரமில்லை. அவள் பெற்ற பிள்ளைக்கு இருக்கிறது!

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது மார்மன் சபையின் முழுப்பெயர். அங்கே ஆசாரியத்துவம் என்பது குருமடத்தில் படித்து வாங்கும் பட்டமல்ல. தகுதியுள்ளவர் என்று சபை ஏற்கிற எந்த ஆணுக்கும் தலையில் கைவைத்துக் கொடுப்பது. 12 வயதாகும் ஆண்டில் ஆரோனிய ஆசாரியத்துவம், 18 வயதில் மெல்கிசேதேக்கு ஆசாரியத்துவம். ஞானஸ்நானம் கொடுப்பதும், நோயாளிக்கு எண்ணெய் பூசி ஆசீர்வதிப்பதும், பிஷப்பாக இருந்து சபையை நடத்துவதும் அதைப் பெற்றவர்களின் வேலை.

பெண்ணுக்கு ஏன் இல்லை? ‘அவளுக்குத் தாய்மை இருக்கிறதே’ என்பது பல தலைமுறைகளாக வரும் பதில். ஜான் விட்ஸோ என்ற அப்போஸ்தலர் 1939-ல் சபை ஆட்சிமுறை பற்றிய நூலில் இந்த ஒப்பீட்டை எழுதியே வைத்தார்.

இந்தக் கணக்கு சரிதானா என்று பாருங்கள். தாய்மைக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பது தந்தைமை. 1995-ல் சபைத் தலைவர் கோர்டன் ஹிங்க்லி வாசித்த குடும்பப் பிரகடனமும் தாய்க்கு நேராகத் தகப்பனைத்தான் நிறுத்துகிறது. ஆக, ஆணுக்குத் தந்தைமையும் உண்டு, ஆசாரியத்துவமும் உண்டு. பெண்ணுக்குத் தாய்மை மட்டும். இதைச் சமம் என்று எப்படிச் சொல்வது?

தாய்மையைச் சபையா கொடுத்தது? மார்மன் அல்லாத வீட்டிலும் பெண் தாயாகிறாள். எந்தக் கோயிலையும் மிதிக்காதவளும் தாயாகிறாள். ஆசாரியத்துவத்தைச் சபை தருகிறது, வேண்டாமென்றால் எடுத்தும் கொள்கிறது. தான் கொடுக்காத ஒன்றைக் காட்டி, கொடுக்க மறுத்ததற்கு ஈடு சொல்வது நியாயமல்ல.

குழந்தை பிறக்காத பெண்ணுக்கும் மணமாகாத பெண்ணுக்கும் என்ன பதில்? ஷெரி டியூ என்ற பெண் தலைவர், தாமே மணமாகாதவர், 2001-ல் சபையின் மாநாட்டில் இதற்கு விடை சொன்னார். பிள்ளை பெறுவதற்கு முன்பே ஏவாள் தாய் என்று அழைக்கப்பட்டாள், ஆகவே எல்லாப் பெண்களும் தாய்மார்களே என்பது அவர் வாதம். மனதுக்கு ஆறுதலான பேச்சு, பல பெண்கள் அதைப் போற்றுகிறார்கள். அவர்களுடைய நம்பிக்கையை யாரும் குறைத்துப் பேச வேண்டாம். ஆனால் அந்த ஆறுதலால் திருவிருந்து மேசையில் எந்தப் பெண்ணுக்கும் இடம் கிடைக்கவில்லை.

இந்தச் சபையின் பழைய வரலாறு வேறு மாதிரி இருந்தது என்பதுதான் நெஞ்சை உறுத்துகிறது. 1842 மார்ச்சில் இல்லினாய் மாநிலத்து நாவூ நகரில் சபைப் பெண்களின் அமைப்பான ஒத்தாசைச் சங்கம் தொடங்கியது. நிறுவனர் ஜோசப் ஸ்மித்தின் மனைவி எம்மா அதன் முதல் தலைவி. அந்தத் தலைமுறைப் பெண்களும் அவர்களின் மகள்களும் நோயாளிகள் தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். பிரசவம் நெருங்கிய பெண்ணைக் கழுவி, எண்ணெய் பூசி, சுகப்பிரசவத்துக்காக ஆசீர்வதித்தார்கள். மருத்துவச்சியாகப் பிள்ளையை வாங்கிய கைகளே அந்தச் சடங்கையும் செய்தன. தாய்மை ஒரு பக்கம், ஆசாரியத்துவம் மறுபக்கம் என்று கோடு கிழித்தால் அந்தப் பெண்களை எந்தப் பக்கம் நிறுத்துவது? இருபதாம் நூற்றாண்டில் இந்த வழக்கம் படிப்படியாக ஒடுங்கியது. ஆசாரியத்துவம் பெற்ற மூப்பர்களை அழைப்பதே நல்லது என்று 1946-ல் அப்போஸ்தலர் ஜோசப் ஃபீல்டிங் ஸ்மித் சங்கத் தலைவி பெல் ஸ்பாஃபோர்டுக்குக் கடிதம் எழுதினார். அதே சபையின் ஆலயங்களுக்குள், பெண்களுக்கான சில சடங்குகளை இன்றும் பெண்களே நடத்துகிறார்கள்.

‘கடவுள் வகுத்தது, மாறாது’ என்பார்கள். கறுப்பின ஆண்களுக்கு ஆசாரியத்துவம் இல்லை என்ற விதியும் அப்படித்தான் காக்கப்பட்டது. 1978 ஜூனில் அது நீங்கியது. தந்தைமை இருக்கிறதே, போதாதா என்று சொல்லி அந்த விதியைச் சபை தக்கவைக்கவில்லை! பெண்கள் ஞானஸ்நானத்துக்குச் சாட்சியாக நிற்கக் கூடாது என்ற விதியும் 2019-ல் போய்விட்டது. சபையின் பொது மாநாட்டில் ஒரு பெண் முதன்முதலாக ஜெபம் செய்ததே 2013-ல்தான். அதே ஆண்டில் பெண்களுக்கும் ஆசாரியத்துவம் வேண்டுமென்று இயக்கம் தொடங்கிய வழக்கறிஞர் கேட் கெல்லியை, 2014 ஜூனில் சபையிலிருந்து நீக்கினார்கள்.

ஜோசப் ஸ்மித்தையே மூலவராகக் கொண்ட இன்னொரு சபை மிசௌரி மாநிலத்து இண்டிபெண்டன்ஸ் நகரில் இருக்கிறது. இன்று அதன் பெயர் கம்யூனிட்டி ஆஃப் கிரைஸ்ட். அங்கே 1984-ல் பெண்களுக்கு ஆசாரியத்துவக் கதவு திறந்தது, 1985-ல் முதல் பெண்கள் பட்டம் பெற்றார்கள். 2025-ல் ஸ்டாசி கிராம் என்ற பெண் அந்தச் சபைக்கே தலைவரானார். பட்டம் பெற அந்தப் பெண்களில் யாரையும் தாய்மையை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. யூட்டாவின் தலைவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்!