சித்திரக் கல்லூரிப் படிப்பும் நமது சங்கங்களும்

(ஐக்கிய சங்க அங்கத்தினர் கூட்டமொன்றில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



விதை, உரம், வட்டி, தவணை என்பவற்றைப் பற்றியே பேசிவரும் இன்ஸ்பெக்டர் இன்று சித்திரப் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களிற் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். காரணம் உண்டு. படம் எழுதுவதிலும், களிமண்ணைப் பிசைந்து உருவஞ் செய்வதிலும் கை தேர்ந்த பிள்ளைகள் நமது கிராமங்களில் இருக்கிறார்கள். அவர்களை அவ்வித்தைக்கென்றே ஏற்பட்ட கல்லூரிக்கு அனுப்பலாமா, அதற்குச் சங்கம் கடன் கொடுக்கலாமா என்ற கேள்வி சிற்சில இடங்களில் மனுவாகவே வருகின்றது. படம் எழுதுகிறவனுக்குச் சோறு யார் போடுவார் என்று பஞ்சாயத்தார் கேட்கிறார்கள். கடன் கொடுக்கிறவர்கள் கேட்க வேண்டிய கேள்விதான் அது. சென்னையிலே நடந்த ஒரு வரலாற்றைக் கொண்டு அதற்கு விடை சொல்ல முயல்கிறேன்.

அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற வைத்தியர் 1850-ஆம் ஆண்டில் சென்னையில் ஒரு சித்திரப் பள்ளியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் கைத்தொழிலுக்கென ஒரு பிரிவையும் சேர்த்தார். ஆரம்பத்தில் தம் சொந்த முயற்சியாக அவர் நடத்திவந்த அப்பள்ளியைச் சில ஆண்டுகளுக்குள் சர்க்கார் ஏற்றுக்கொண்டனர். கனவான்களின் வீட்டுச் சுவருக்குப் படம் எழுதுவது மட்டும் அப்பள்ளியின் நோக்கமன்று. மட்பாண்டம், ஓடு, மரச்செதுக்கு, உலோக வேலை எல்லாம் அங்கே பயிற்றுவிக்கப்பட்டன. உங்கள் அடுக்களையில் உள்ள அலுமினியப் பாத்திரத்திற்கும் அந்தப் பள்ளிக்கும் சம்பந்தம் உண்டு என்றால் நம்புவீர்களா? ஆல்பிரட் சாட்டர்டன் என்ற பொறியியல் ஆசிரியர், செம்பும் பித்தளையும் தட்டிப் பழகிய கன்னார்களைக் கொண்டு, 1898-இல் அப்பள்ளியின் பட்டறையில்தான் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலைத் தொடங்கி வைத்தார். இலாபம் காணத் தொடங்கியபின் தொழில் ஒரு கம்பெனியின் வசம் போயிற்று. சுத்தியல் பிடித்த கைகளுக்கு அதில் பங்கு ஒன்றும் இல்லை. அவர்களுக்கென ஒரு சங்கம் அன்று இருந்திருந்தால் கதை வேறாயிருக்குமோ என்று எண்ணுவது என் இலாகாப் பழக்கம், பொறுத்தருள்க.

1929 முதல் 1957 வரை அப்பள்ளிக்குத் தலைமை வகித்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரீனாக் கடற்கரையில் பாறையைப் பெயர்க்கும் உழைப்பாளர் சிலையைப் பார்க்காதவர்கள் உங்களில் குறைவாகவே இருப்பார்கள். அது அவர் கை வேலை. அவருக்குப் பின் தலைமையேற்ற கே. ஸி. எஸ். பணிக்கர் காலத்தில்தான் நம் பேச்சுக்கு முக்கியமான சம்பவம் நடந்தது.

பள்ளியில் தேர்ந்து வெளிவந்த வாலிபர்களுக்குக் கை நன்றாக ஓடியது, வாங்குவோர் இல்லை. அக்காலச் சென்னையில் விலை கொடுத்துப் படம் வாங்கும் வழக்கம் மிகக் குறைவு. சிலர் நெசவாளர் சேவை நிலையத்தில் துணிகளுக்கு மாதிரி எழுதும் உத்தியோகத்தில் அமர்ந்தார்கள். மற்றவர்கள் வித்தையையே கைவிட நேரிடும் போல் இருந்தது. அந்நிலையில் பணிக்கரும் அவருடைய மாணாக்கர் பலரும் ஒன்றுகூடி, கலைஞர் கைத்தொழிற் சங்கம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். படம் விற்காவிட்டாலும் நாலு பேர் உடுத்தவும் வீட்டில் புழங்கவும் வாங்கக்கூடிய சாமான்களைச் செய்வோம், அவற்றைச் சேர்ந்து விற்போம், வருவதில் ஒரு பங்கைப் பொதுவில் ஒதுக்குவோம் என்பது அவர்கள் ஏற்பாடு.

அவர்கள் பெரும்பாலும் செய்தது பாத்திக் என்னும் சாயத் துணி. ஜாவா தேசத்தில் பேர்போன வேலை அது. சாயம் ஏறக்கூடாத இடங்களில் உருக்கிய மெழுகைத் தூரிகையால் பூசித் துணியைச் சாயத்தில் முக்குவார்கள். சாயம் குளிர்ந்திருக்க வேண்டும்; சூடானால் மெழுகு உருகிவிடும். வெளிறிய நிறத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கருமைக்குப் போகவேண்டும். ஒவ்வொரு நிறத்திற்கும் ஒரு முறை மெழுகு பூச வேண்டும். தேன்மெழுகு துணியோடு இசைந்து நிற்கும். பாரபின் மெழுகோ வெடிக்கும். அந்த வெடிப்பின் வழியே சாயம் புகுந்து நரம்பு போன்ற கோடுகள் விழும். இரண்டையும் எந்த அளவில் கலப்பது என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. முடிவில் கொதிநீரிலிட்டு மெழுகைக் கழற்றுவார்கள். எந்திரம் இதன் சாயலை அச்சடிக்கலாம். ஒரு துணியில் விழுந்த கோடு மறு துணியில் விழாதபடி செய்ய அதற்கு இயலாது. பெரிய முதல் வேண்டாம், அடுப்பும் தொட்டியும் துணியும் மெழுகும் போதும் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். நான்கு வருஷம் படம் எழுதிப் பழகிய கை அதற்கு வேண்டும். அது அவர்களிடம் இருந்தது.

அவ்விற்பனையில் சேர்ந்த பணத்தைக் கொண்டு, சென்னைக்குத் தெற்கே மாமல்லபுரம் போகும் வழியில் ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில் 8 ஏக்கருக்குக் குறையாத மணற்பாங்கான நிலம் வாங்கினார்கள். 1966-இல் அங்கே குடியேறினார்கள். சோழமண்டலம் என்று பெயர் வைத்தார்கள். வீடும் வேலையிடமும் தத்தமக்கு. பட்டறையும் விற்பனைக் கூடமும் பொது. நிலத்திற்குச் சர்க்கார் மானியம் பெறவில்லை. சித்திரக்காரரும் சிற்பிகளுமாகச் சுமார் 30 பேர் அதில் சேர்ந்தார்கள். தகட்டைத் தட்டி உருவம் செய்த பி. வி. ஜானகிராம் போன்ற பேர்பெற்ற சிற்பிகள் அங்கிருந்து வேலை செய்தவர்கள். பணிக்கர் 1977-இல் காலமானார். கிராமம் கலையவில்லை, 2009-இல் அங்கே ஒரு கலைக் காட்சிசாலையும் திறக்கப்பட்டது.

சோழமண்டலம் நமது சட்டத்தின் கீழ்ப் பதிவான ஐக்கிய சங்கத்தைப் போன்றது என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் கணக்குப் புத்தகத்தை வைத்துப் பார்க்கும் என் கண்ணுக்கு அவர்கள் செய்த காரியம் அன்னியமாகத் தோன்றவில்லை. நெசவாளர்கள் 1935-இல் தங்கள் மாகாணச் சங்கத்தைக் கூட்டினார்களே, இன்று கோஆப்டெக்ஸ் என்று நாம் அழைக்கும் அந்தச் சங்கமும் தனித்தனித் தறிக்காரனால் முடியாத விற்பனையைச் செய்து கொடுக்கவே பிறந்தது. ஆகவே, சோறு யார் போடுவார் என்ற கேள்விக்குக் கல்லூரி தனியே விடை சொல்லாது. கல்லூரி கையைப் பழக்கும். சரக்கு வாங்கவும், தரம் பார்க்கவும், விற்கவும் வேறு ஏற்பாடு வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் தேர்ந்த கையும் முன்பணம் கொடுக்கும் வியாபாரிக்கு அடிமைப்படும். நமது குயவர்களிடமும் பாய் நெய்பவர்களிடமும் இதைத் தினமும் பார்க்கிறோம்.

இனிக் கடன் விஷயம். ஹண்டர் ஏற்படுத்திய பள்ளி இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக இருக்கின்றது. கும்பகோணத்திலும் அத்தகைய கல்லூரி ஒன்று உண்டு. கல், மரம், உலோகம் ஆகிய சிற்ப வேலைக்கு மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய சர்க்கார் கல்லூரி உண்டு. சென்னைக் கல்லூரியில் சித்திரம், சிற்பம் மட்டுமன்றி, மட்பாண்டத் தொழிலுக்கும் துணி மாதிரி எழுதுவதற்கும் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் கை வேலையில் பரீட்சை வைத்தே சேர்க்கிறார்கள். படிப்பு நான்கு வருஷம். சர்க்கார் கல்லூரியாதலால் சம்பளம் பெரிய பாரமன்று. பட்டணத்தில் தங்கிச் சாப்பிடுவதும், வர்ணமும் காகிதமும் வாங்குவதும்தான் செலவு. இதை அறுவடைத் தவணையில் கட்டும் பயிர்க்கடனாகக் கொடுப்பது தவறு. நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். தகப்பனார் நான்கு வருஷமும் வட்டிக்காக வேறிடத்தில் கடன் வாங்குவார். உபவிதிகள் இடங்கொடுக்கும் அளவில் நீண்ட தவணைக் கடனாக, படிப்பு முடிந்து ஓராண்டுக்குப் பின் முதல் தொகை கட்டும்படி கொடுப்பதே முறை.

இத்தகைய மனு வந்தால் தகப்பனாரின் நிலத்தை மாத்திரம் விசாரிக்க வேண்டாம். பையனையோ பெண்ணையோ கூட்டத்திற்கு வரச்சொல்லி, எழுதியவற்றைக் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள். எந்தப் பிரிவில் சேர எண்ணம் என்று கேளுங்கள். மட்பாண்டப் பிரிவு என்றால் நம்மூர்ச் சூளைக்காரர்களையும், துணி மாதிரிப் பிரிவு என்றால் நெசவாளர் சங்கத்துக் காரியதரிசியையும் அழைத்து, இந்தப் பிள்ளை படித்து வந்தால் நீங்கள் என்ன வேலை கொடுப்பீர்கள் என்று விசாரியுங்கள். அவர்கள் சொல்லும் பதிலையும் நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதிவைத்து, மனுவோடு எனக்கு அனுப்புங்கள்.