பழைய வண்டி, புதிய இஞ்சின்



அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த 1957-ஆம் ஆண்டுச் செவர்லே பெல் ஏர் மோட்டார் வண்டியொன்றின் விளம்பரத்தை அண்மையில் கண்டேன். பின்புறம் மீன்துடுப்பைப்போல் உயர்ந்த தகடுகள். எங்கும் பளபளக்கும் குரோமியப் பூச்சு. உள்ளேயோ இஞ்சின் புதியது; நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக்குகள்.

இதனைப் பழைய வண்டி என்பதா? தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் அதற்கு இருந்தவை டிரம் பிரேக்குகளே. மலைச்சரிவில் அவற்றைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் டிரம் சூடேறும், பிடி தளரும். டிஸ்க்கோ காற்றுப்படத் திறந்திருப்பதால் விரைவில் வெப்பம் தணியும். இருக்கை வார்கூட அந்நாளில் கட்டாயமன்று. 1968-இல்தான் அமெரிக்கச் சட்டம் அதனைப் புதிய கார்களுக்கு விதித்தது. ஆகவே, குடும்பத்தோடு ஏறிச் செல்ல விரும்புபவர் செய்த மாற்றங்களை நான் குறை கூறேன்.

பழமையைப் பேணுவோர் இதற்கு ஒப்பமாட்டார். இஞ்சின் வார்ப்பிலுள்ள எண்ணையும் தேதிக் குறியையும் பார்த்து, அது அக்காலத்ததுதானா என்று ஆராய்வர். அதுவும் நியாயமே. விடைத்தாள் திருத்திப் பழகிய எனக்கோ, அடித்து எழுதியிருப்பது உறுத்துவதில்லை. அடித்ததைச் சுரண்டி மறைத்திருந்தால்தான் ஐயம் எழும்.

அவ்விளம்பரக்காரர் மாற்றியவற்றையெல்லாம் வரிசையாகக் குறித்து, கழற்றிய இஞ்சினையும் வண்டியுடன் தருவதாக எழுதியிருந்தார். அவ்வரிகளை இருமுறை படித்தேன்.