லயத்துச் சுவரும் மனச்சுமையும்

பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள மலையூர் லுணுகலை. 2020ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் மாலை, கொரோனாத் தொற்றை முன்னிட்டு இலங்கை முழுவதும் ஊரடங்கு விதிக்கப்பட்டது. நகரங்கள் கதவடைத்தன, தேயிலைத் தோட்டங்களிலோ கொழுந்து பறிப்பு நிற்கவில்லை. சரியாக ஓராண்டு கழித்து அதே நாளில், லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பேருந்து பசறை 13ஆம் கட்டையருகே பள்ளத்தில் வீழ்ந்தது. பத்துப் பேருக்கு மேல் மாண்டனர். நோயச்சம் நீங்குமுன்னே இழவும் வந்து சேர்ந்தது.

உடல் நோய்க்குத் தோட்டத்து மருந்தகம் உண்டு. உறக்கமின்மைக்கும், ஓயாத நடுக்கத்துக்கும், வாழ்வை வெறுக்கும் எண்ணத்துக்கும் எவரை நாடுவது? தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கம் உண்டு. அதனை அறிந்திருத்தல் நன்று. ஆயின் பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில், ஒரு சுவருக்கப்பால் அடுத்த குடும்பம் வாழ்கையில், மனந்திறந்து பேச மறைவிடம் ஏது? பதுளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சென்றால் அன்றைய பேர் போய்விடும். ‘பைத்தியம்’ என்னும் பழிச்சொல் வேறு வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஆகையால் இலக்கம் மட்டும் போதாது. செவிசாய்ப்போர் அருகிலே வேண்டும். வீடு தேடி வரும் மருத்துவமாதும், பிள்ளை மடுவத்துப் பொறுப்பாளரும், பாடசாலை ஆசிரியரும் “இராத்திரி தூக்கம் வருகிறதா?” என்று தமிழிலே வினவப் பழக வேண்டும், தேவைப்படுவோரை வைத்தியரிடம் தாமே அழைத்துச் செல்லவும் வேண்டும். காய்ச்சலென்றால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல், மனத்தையும் விசாரிக்கும் வழக்கம் லயங்களில் வேரூன்றட்டும். அடுத்த கொள்ளைநோய் வருமுன் செய்யத்தக்க ஆயத்தம் இதுவே.